கண்புரையும் கண் நீர் அழுத்தமும் சேர்ந்திருந்தால்: பரிசோதனை, சொட்டு மருந்து, ஆபரேஷன் – முழு வழிகாட்டி

அறுபதைத் தாண்டியவருக்குப் பார்வை மங்கினால் ‘பொறை விழுந்திருக்கும், முத்தட்டும், பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது கண்புரைதான். ஆனால் அதே கண்ணில் கண் நீர் அழுத்த நோயும், அதாவது கிளாக்கோமாவும், சத்தமில்லாமல் இருக்கலாம். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் பழுதாவது பார்வை நரம்பு. அதில் போனது திரும்பாது. மிச்சமிருப்பதை மட்டுமே காப்பாற்ற முடியும்.

இரண்டும் சேர்ந்த கண்ணுக்கு மருத்துவமனையில் நடப்பது பாதி வேலைதான். மீதி வீட்டில் நடக்கிறது: சொட்டு மருந்து கண்ணுக்குள் விழுகிறதா, விடாமல் விழுகிறதா என்பதில். நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதிகம் எச்சரிப்பதும் இந்த இடத்தைத்தான். அதனால் இந்த வழிகாட்டியிலும் சொட்டு மருந்துப் பகுதியே நீளமானது.

‘எனக்கு நல்லாத்தான் தெரியுது’ என்பதை நம்ப வேண்டாம்

கிளாக்கோமாவைப் பற்றிய சுவரொட்டிகளில் சுற்றிலும் கறுப்பாகவும் நடுவில் மட்டும் குழாய் வழியே பார்ப்பது போலவும் ஒரு படம் இருக்கும். உண்மையில் நோயாளிக்கு அப்படித் தெரிவதில்லை. 2013-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 50 நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்கள் பார்வை எதைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்புக் குழாய்ப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் ‘சில இடம் மங்கலாக இருக்கிறது’ என்ற படத்தைக் காட்டினார்கள். நால்வரில் ஒருவருக்குத் தன் பார்வையில் குறை இருப்பதே தெரியவில்லை.

விடுபட்ட இடத்தை மூளை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணில் விட்டதை மறு கண் ஈடுகட்டுகிறது. ஆகவே கறுப்பு தெரிந்தால் டாக்டரிடம் போகலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தக் கறுப்பு வராமலே போகலாம். சென்னையைச் சுற்றிய கிராமங்களிலும் நகரத்திலும் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில், திறந்த கோண வகை நோய் (கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அந்த ஆய்வில்தான் முதன்முறையாகத் தங்களுக்கு நோய் இருப்பதை அறிந்தார்கள்.

வீட்டில் கவனிக்கக்கூடிய குறிப்புகள் சில உண்டு: மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுவது, கதவு நிலையில் ஒரே பக்கத் தோள் இடிப்பது, இருட்டிய இடத்துக்குள் நுழைந்தால் வெகுநேரம் தடுமாறுவது. இவற்றில் எதுவும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

படி 1: முதல் பரிசோதனையில் என்னென்ன நடக்க வேண்டும்

கண்ணாடிக்கடையில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது. 40 வயதுக்கு மேல் ஒருமுறையாவது முழுப் பரிசோதனை வேண்டும். கீழ்க்கண்டவை நடந்தனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண் பிரஷர்: பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். 16 இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு, 24 இருந்தும் கெடாதவர்கள் உண்டு. அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ‘இருக்கிறது, இல்லை’ என்று முடிவு செய்யக் கூடாது. கருவிழி தடித்திருந்தால் கருவி கூட்டிக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். அதற்காகத்தான் கருவிழியின் தடிமனையும் அளக்கிறார்கள்.

கோணப் பரிசோதனை: மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு சிறிய கண்ணாடி லென்ஸை வைத்து, நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டே நிமிட வேலை. கூட்டம் அதிகமுள்ள இடங்களில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். திறந்த கோணத்துக்கும் மூடிய கோணத்துக்கும் சிகிச்சையே வேறு என்பதால், ‘என் கோணம் திறந்ததா, மூடியதா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

நரம்பைப் பார்ப்பது: பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

பீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்பை அளப்பது): நோயாளிகள் அதிகம் வெறுக்கும் பரிசோதனை இது. கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியைப் பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் ஒளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். பலரும் வெளியே வந்து ‘பாதிக்கு மேல் தெரியவே இல்லை, பெயிலாகிவிட்டேன்’ என்று கலங்குகிறார்கள். தெரிகிற எல்லை எது, தெரியாத எல்லை எது என்று தேடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. ஆகவே ஒளியை அது மங்கலாக்கிக்கொண்டே போகும். நல்ல கண் உள்ளவருக்கும் ஏறக்குறைய பாதி ஒளிகள் தெரியாது. தெரியாததற்கு அழுத்தினால்தான் முடிவு கெடும். கண்ணிமைக்கத் தடையில்லை. களைத்துவிட்டால் பட்டனை அழுத்தியபடியே பிடித்தால் பல கருவிகளில் டெஸ்ட் நிற்கும், மூச்சு வாங்கிக்கொண்டு தொடரலாம். முதல் தடவை எடுத்தது பெரும்பாலும் பழக்கமின்மையால் மோசமாக வரும். அதனால் இரண்டு மூன்று எடுத்த பிறகே அடிப்படை முடிவாகிறது.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய நான்கு: ஆஸ்துமா அல்லது இதயத் துடிப்புக் குறைவு; ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், களிம்பு, கண் சொட்டு எதையாவது நெடுநாள் போட்டது; ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்காகப் போடும் டாம்சுலோசின் மாத்திரை; பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருப்பது.

படி 2: சிகிச்சையின் இலக்கைப் புரிந்துகொள்வது

எல்லாச் சிகிச்சையும் பிரஷரைக் குறைப்பதற்கே. குறைத்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆய்வுகள் பதில் சொல்லிவிட்டன. பிரஷர் கூடியும் நரம்பு கெடாதிருந்த 1,636 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. 5 ஆண்டில், சொட்டு போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. நோய் தொடங்கியவர்களை வைத்து ஸ்வீடனில் நடந்த ஆய்வில், குறைக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நோய் முற்றும் அபாயம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. உங்கள் இலக்குப் பிரஷர் எவ்வளவு என்று கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘பிரஷர் நார்மல்’ என்ற சொல் போதாது. நரம்பு நிறையக் கெட்டவருக்கு 18 கூட அதிகம்.

திறந்த கோண வகைக்கு, சொட்டு தொடங்கும் முன்பே லேசரைப் பற்றிக் கேளுங்கள். பிரிட்டனில் 718 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான லைட் ஆய்வில், எஸ்.எல்.டி. என்ற லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் 3 ஆண்டுவரை சொட்டு மருந்து இல்லாமலே இலக்குப் பிரஷரில் இருந்தார்கள். உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் முடியும். பலன் ஆண்டுகள் போகப்போகக் குறையலாம், மறுபடி செய்யலாம். சொட்டு வாங்க மாதாமாதம் காசு புரட்ட வேண்டியவருக்கும், போட்டுவிட ஆள் இல்லாதவருக்கும் இது பெரிய உதவி.

மூடிய கோணத்துக்குக் கருவிழிப்படலத்தில் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையத்தில்) சிறு துளை போடும் வேறொரு லேசர் உண்டு. இந்த வகையில் கண்புரையே ஒரு குற்றவாளி. வயதாக ஆக லென்ஸ் தடித்து முன்னால் வந்து கோணத்தை நெருக்குகிறது. 2016-இல் வெளியான ஈகிள் ஆய்வில், மூடிய கோண நோயாளிகள் 419 பேரில், புரை வராத நிலையிலேயே லென்ஸை எடுத்தவர்கள் லேசர் செய்துகொண்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள், சொட்டுத் தேவையும் குறைந்தது. ஆகவே மூடிய கோணம் உள்ளவரிடம் ‘புரை இன்னும் முத்தவில்லையே, எதற்கு ஆபரேஷன்’ என்று வீட்டார் தடுப்பது தவறாகிவிடும்.

படி 3: சொட்டு மருந்து போடும் முறை

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் கிளாக்கோமா நோயாளிகள் தாங்களே சொட்டு போட்டுக்கொள்வதைக் கவனித்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை. கன்னத்தில் வழியும், இமைமேல் விழும், புட்டி நுனி கண்ணில் இடிக்கும், ஒன்றுக்குப் பதில் மூன்று விழும்.

புதுப் புட்டியை ஊசியாலோ ஊக்காலோ குத்தித் திறக்காதீர்கள். பல புட்டிகளில் மூடிக்குள்ளேயே ஒரு முள் இருக்கும். மூடியை வலப்பக்கமாக இறுகத் திருகினால் அது துளை போட்டுவிடும். ஊக்கால் குத்தினால் துளை பெரிதாகும், சொட்டும் பெரிதாகும், மருந்து மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும், கிருமியும் சேரும். திறந்த தேதியைப் பேனாவால் புட்டியில் எழுதுங்கள். 1 மாதம் ஆனதும், மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிரின்சோலமைடு போன்ற கலங்கலான மருந்தாக இருந்தால் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள்.

2. படுத்துக்கொள்ளுங்கள், அல்லது சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பாருங்கள். நின்றுகொண்டு போடுவதுதான் பாதிச் சொட்டு வீணாவதற்குக் காரணம்.

3. ஒரு கையால் கீழிமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை போல ஒரு குழி தெரியும். சொட்டு விழ வேண்டிய இடம் அது. கருவிழிமேல் விழுந்தால் கண் பட்டென்று மூடி மருந்தை வெளியே தள்ளும்.

4. புட்டி பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியிலோ மற்றக் கைமேலோ ஊன்றுங்கள், நடுக்கம் குறையும். நுனிக்கும் கண்ணுக்கும் ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்கட்டும்.

5. ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் 30-க்கு மேல் தங்காது. ஆகவே இரண்டாவது சொட்டால் மருந்து கூடாது, கன்னம்தான் நனையும். முதல் சொட்டு வெளியே விழுந்தது நிச்சயம் என்றால் மட்டும் இன்னொன்று.

6. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரக் கண்முனையை விரல் நுனியால் 2 முதல் 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இமைகளைக் கொட்டாதீர்கள், இறுகவும் மூடாதீர்கள். மூக்குக்குள் இறங்கும் குழாய் இதனால் அடைபடும். மருந்து கண்ணில் தங்கும், ரத்தத்தில் குறைவாகச் சேரும். டிமோலால் போடும் வயதானவர்களுக்கு இந்த அழுத்தம் கட்டாயம். அந்த மருந்து நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும், மூச்சிரைப்பைக் கிளப்பும்.

7. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. உடனே போட்டால் இரண்டாவது, முதல் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். களிம்பு இருந்தால் அது கடைசி.

கை நடுங்குபவர்கள், மூட்டுவலியால் புட்டியைப் பிழிய முடியாதவர்களுக்கு மாற்றுவழி: மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடி, மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, தலையை அசைக்காமல் கண்ணைத் திறந்தால் மருந்து தானே உள்ளே வடியும். புட்டியை ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் சொட்டு விழுந்தது ஜில்லென்று தெரியும், விழுந்ததா என்ற சந்தேகம் வராது. லட்டானோபிராஸ்ட் மருந்தைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வது வழக்கம். மே மாத வெயிலில் அலமாரியில் வைத்த புட்டியை நம்ப வேண்டாம்.

பக்க விளைவுகளை முன்பே அறிந்தால் பயந்து நிறுத்த மாட்டீர்கள். லட்டானோபிராஸ்ட் வகையில் கண் சிவக்கும், இமைமுடி நீளும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும். இரவு ஒருமுறை மட்டுமே போட வேண்டும், இரண்டு முறை போட்டால் பலன் குறையும். டார்சோலமைடு எரியும், நாக்கில் கசக்கும். பிரிமோனிடின் தூக்கம் தரும், வாய் வறளும், மாதங்கள் கழித்து அலர்ஜி வரலாம். குழந்தைகள் கைக்கு அது எட்டவே கூடாது. எதுவானாலும் நீங்களாக நிறுத்தாமல் மாற்றித் தரக் கேளுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

படி 4: விடாமல் போடுவதும் உண்மையைச் சொல்வதும்

1986-இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளின் மருந்துப் புட்டியில் எண்ணும் கருவியைப் பொருத்திவைத்தார்கள். 97 சதவீத வேளைகள் போட்டோம் என்றார்கள் நோயாளிகள். கருவி காட்டியது 76. 2009-இல் இன்னோர் ஆய்வு: மருந்து இலவசம், கண்காணிக்கிறார்கள் என்பதும் தெரியும், அப்படியும் 45 சதவீதம் பேர் முக்கால்வாசி வேளைகூடப் போடவில்லை. டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கும்போது ஒழுங்காகப் போடுவது மட்டும் கூடியது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலியில்லாத நோய், போட்டாலும் பார்வை கூடாத மருந்து, எரிச்சல், செலவு. ஆனால் விளைவைப் பாருங்கள். நடுவில் பத்து நாள் விட்டவர், வருகைக்கு முந்திய மூன்று நாள் ஒழுங்காகப் போட்டால் பிரஷர் நன்றாக இருக்கும், நரம்போ கெட்டுக்கொண்டிருக்கும். அல்லது பிரஷர் கூடியிருக்கும், விட்டதைச் சொல்லாததால் டாக்டர் இரண்டாவது மருந்து, மூன்றாவது மருந்து, கடைசியில் ஆபரேஷன் என்று போவார். ‘வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போகிறது’ என்று சொன்னால் ஒருவேளை லேசரோ, இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே புட்டியோ கிடைக்கும்.

விடாதிருக்க: தினமும் தவறாத ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள், பல் துலக்குவது அல்லது இரவு மாத்திரை போல. நாட்காட்டியில் டிக் அடியுங்கள். புட்டி காலியாகும்முன்பே அடுத்ததை வாங்கிவையுங்கள். திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குப் போகும்போதுதான் அதிகம் விட்டுப்போகிறது. ஒரு வேளை விட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும். இரட்டிப்பாகப் போடக் கூடாது. பரிசோதனைக்குப் போகும் நாளிலும் வழக்கம்போலப் போட்டுவிட்டே போங்கள், புட்டிகளையும் பையில் எடுத்துப் போங்கள்.

படி 5: கண்புரை ஆபரேஷன்

புரை முற்ற வேண்டும் என்பது லென்ஸை முழுசாகப் பெயர்த்தெடுத்த பழைய காலத்துக் கணக்கு. இன்று அன்றாட வேலை தடைபட்டாலே செய்யலாம். முற்றவிட்டால் லென்ஸ் ஊதியோ, கசிந்தோ பிரஷரை ஏற்றிவிடும். நாட்டிங்ஹாம் நகரில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், முதல் கண்ணுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்கள் காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாகக் கீழே விழுந்தார்கள்.

கிளாக்கோமாவும் இருந்தால் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் பேச வேண்டியவை இவை. மிச்சப் பார்வை நரம்பில் எவ்வளவு இருக்கிறது, புரை எடுத்தால் எவ்வளவு தெரியும்? இதைக் கேட்காமல் போகிறவர்கள்தான் ‘ஆபரேஷன் பண்ணியும் தெரியவில்லை’ என்று மனம் உடைகிறார்கள். புரையை மட்டும் எடுப்பதா, பிரஷர் ஆபரேஷனையும் சேர்த்துச் செய்வதா? மருந்துகள் இரண்டு மூன்று போட்டும் இலக்கு எட்டாதவருக்குச் சேர்த்துச் செய்வது வழக்கம். எந்த லென்ஸ்? தூரம், கிட்டம் இரண்டும் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸ் ஒளியைப் பிரித்துவிடும், சாயல் வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) உணரும் திறனைக் குறைக்கும். நரம்பு கெட்ட கண்ணில் ஏற்கெனவே அது குறைவு. ஆகவே ஒற்றைக் குவிய லென்ஸே நல்லது, விலையும் குறைவு. டாம்சுலோசின் போடுபவர் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கருவிழிப்படலம் தளர்ந்து ஆடும், சர்ஜன் முன்னேற்பாடு செய்ய வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் அந்த விளைவு போகாது, எனவே மறைக்காதீர்கள். ஆஸ்பிரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சும் பாக்கோ முறையில் ஏறக்குறைய 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வெட்டு, லென்ஸைக் கையாலேயே எடுக்கும் ‘சிறு வெட்டு’ முறையில் 6 முதல் 7. இரண்டிலும் பொதுவாகத் தையல் தேவைப்படாது. நன்றாக முற்றிய புரைக்கு இரண்டாவது முறையும் சளைத்ததல்ல.

கிருமித் தாக்கம்தான் எல்லோரும் அஞ்சுவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் 6 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்தபோது, முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தியதால் அந்தத் தாக்கம் 0.07-இலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது தெரிந்தது. உங்கள் மருத்துவமனையில் செலுத்துகிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஆபரேஷனுக்குப் பின்: கிளாக்கோமா சொட்டைத் தொடர வேண்டுமா, எதை, எப்போதிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். ‘ஆபரேஷன் ஆயிடுச்சு, இனி பழைய மருந்து வேண்டாம்’ என்று குழம்பி நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் புதுப் புட்டி திறங்கள். முதல் 24 மணி நேரத்தில் பிரஷர் திடீரென ஏறலாம். நரம்பு நிறையக் கெட்டவருக்கு அதுவே ஆபத்து. மறுநாள் பிரஷர் பார்க்காமல் வீடு திரும்ப வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டு 4 முதல் 6 வாரம் படிப்படியாகக் குறைத்துப் போடச் சொல்வார்கள். கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அதனால் இரண்டு மூன்று வாரத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு அதிகம், நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய ஸ்டீராய்டு புட்டியை எறிந்துவிடுங்கள். ‘கண் உறுத்துது’ என்று வீட்டில் வேறொருவர் அதை எடுத்துப் போட்டுப் பார்வையை இழப்பது உண்மையில் நடக்கிறது. புரை எடுத்த பிறகு பீல்டு டெஸ்ட்டைப் புதிதாக எடுத்து, அதையே புது அடிப்படையாக வையுங்கள். பழைய படத்தில் புரையின் மங்கலும் கலந்திருக்கும்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

ஆபரேஷனுக்குப் பின் வலி, சிவப்பு, பார்வை குறைவு இவற்றில் எது கூடிக்கொண்டே போனாலும் அன்றே, இரவானாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள்.

பிரஷருக்காக வடிகால் ஆபரேஷன் செய்து மேலிமைக்கு அடியில் கொப்பளம் இருப்பவருக்கு, பத்து ஆண்டு கழித்துக் கண் சிவந்து பீளை தள்ளினாலும் அது சாதாரண மெட்ராஸ் ஐ என்று விடக் கூடாது.

திடீரென ஒரு கண்ணில் கடும் வலி, அதே பக்கத் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவப்பு: கோணம் சட்டென்று மூடிக்கொண்டதன் அடையாளம். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று வயிற்று மருந்து வாங்கிக் காத்திருந்தால் ஒரு நாளிலேயே பார்வை போகலாம். பொது மருத்துவமனைக்குப் போனாலும் ‘கண் பிரஷர் பாருங்கள்’ என்று நீங்களே கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் கிளாக்கோமா உறுதியானால், அவரோடு பிறந்தவர்களையும் 40 தாண்டிய பிள்ளைகளையும் அடுத்த பரிசோதனை நாளிலேயே கூட்டிப் போங்கள். பிரஷர், கோணம், நரம்பு மூன்றையும் அவர்களுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.